தளிகை உணர்த்தும் பாடம்

நாவின் சுவையை நாடுதல் குற்றமோ என்று ஐயுறுவார் உளர். இதற்குத் திவ்யதேசத்து மடைப்பள்ளிகளே விடை பகரும்.

காஞ்சியில் பேரருளாளன் அமுதுசெய்யும் இட்டலி, பச்சரிசியும் உளுந்தும் அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்தது. திருமாலிருஞ்சோலை அழகருக்கோ தோல் நீக்காத உளுந்தில் தோசை. இரண்டிலும் காரம் மிளகினதே. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த மிளகாய் இவற்றில் சேர்வதில்லை.

இத்துணைச் சுவையாய்ச் சமைப்போர் உப்புக்கூடப் பார்ப்பதில்லை; முதற்சுவை எம்பெருமானுடையது. தமக்கென்றே சமைப்போர் பாவத்தையே உண்கின்றனர் என்கிறது கீதை (3:13). ஆகவே குற்றம் சுவையிலன்று. 'எனக்கே' என்னும் எண்ணத்திலேயாம். கைக்கு வந்த சிறு துண்டையும் அருகிருப்பவரோடு பகிர்ந்துண்பார்க்கு, அச்சிறு மகிழ்ச்சியும் அவனருளேயாகும்.