எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். விசை, மின்புலம் வரை நன்றாக வருகிறவர்கள், மின்னழுத்தம் வந்ததும் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே நான் கையில் எடுப்பது பட்டு.

கண்ணாடித் தண்டைப் பட்டுத்துணியால் தேய்த்தால் தண்டில் நேர் மின்னூட்டம் சேரும். நெசவாளர் தெருவில் பட்டுத் துண்டுக்குப் பஞ்சமில்லை. மழைநாளில் மட்டும் செய்யாதீர்கள். ஈரக்காற்றில் மின்னூட்டம் கசிந்துவிடும். பங்குனி வெயிலில் தேய்த்தால் காகிதத் துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டும்.

இப்படி உரசலில் நம் உடம்பே சில ஆயிரம் வோல்ட் வரை ஏறும் என்பேன். “அப்புறம் ஏன் சார் ஒண்ணும் ஆகறதில்லை?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பேன். வோல்ட் என்பது கூலூமுக்கு இத்தனை ஜூல் என்ற கணக்கு, மொத்த ஆற்றல் அல்ல. உடம்பின் மின்தேக்குத்திறனைச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்து, 5,000 வோல்ட்டுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மின்னூட்டம் அரை மைக்ரோகூலூம், ஆற்றல் 1.25 மில்லிஜூல். 1.5 வோல்ட் டார்ச் செல்லோ, ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் கொடுத்தால் 3,600 கூலூம், 5,400 ஜூல். இரண்டையும் தன் கையால் போட்டவர்கள் அழுத்தத்தையும் ஆற்றலையும் பிறகு குழப்பிக்கொள்வதில்லை.

வோல்ட் என்று யார் சொன்னாலும், எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் என்று கேளுங்கள். வீட்டு 230 வோல்ட், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவில் அளந்தால் சுமார் 400. பதினோராயிரம் வோல்ட் கம்பியில் உட்கார்ந்த காக்கையின் இரு கால்களுக்கு நடுவில் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. அதனால் அது பிழைக்கிறது. கம்பியையும் தரையையும் ஒரே பொருள் தொட்டால் கதை வேறு. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். வரதர் கருட சேவை, தேர் என்று வீதிவலம் ஓயாத ஊர் எங்களுடையது. இந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்த எனக்கு மனம் வராது.

தேர்வுக் கணக்குக்கு ஒன்று. மின்னழுத்தத்துக்குத் திசை கிடையாது. மின்னூட்டங்களின் குறியைப் பார்த்துக் கூட்டினால் போதும். மின் இருமுனையின் நடுப்புள்ளியில் அழுத்தம் சுழி, மின்புலம் சுழியல்ல. இரண்டு சமமான நேர் மின்னூட்டங்களுக்கு நடுவில் இது தலைகீழ். இந்த இரண்டு படங்களையும் புத்தகத்தைப் பார்க்காமல், சமமின்னழுத்தக் கோடுகளோடு வரைந்து பழகுங்கள்.