பிளஸ் ஒன்னில் ஜெர்மன் எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். ஜெர்மனியில் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் ஜெர்மன் எடுத்தால் மதிப்பெண்ணும் கிடைக்கும், அங்கே சேரவும் உதவும் என்கிறார்கள். அவளுடைய அப்பத்தா, 'தமிழை விட்டுட்டு எதையும் படிக்க வேணாம்' என்கிறார். இரண்டு வருடத்தில் உயர்நிலை வரை படித்துவிட முடியுமா?
- ஒரு தாய், காரைக்குடி

பதில்: அம்மா, அப்பத்தா பக்கம்தான் நான். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் ஜெர்மன் இருக்கிறது என்பதற்காக ஜெர்மன் பல்கலைக்கழகம் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. கோதே, டெஸ்ட்டாஃப் போன்ற தேர்வுகளின் சான்றிதழைத்தான் கேட்பார்கள். பள்ளியில் தமிழே இருக்கட்டும். ஜெர்மனை வெளியே படிக்கட்டும்.

மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பி1 வரை வர 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவைப்படும், பி2வுக்கு 600 முதல் 800 வரை ஆகும் என்பது கோதே நிறுவனத்தின் கணக்கு. வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 400 மணி நேரம். கணக்கும் இயற்பியலும் படிக்கிற பிள்ளைக்கு அதுவே அதிகம். ஆகவே, பிளஸ் டூ முடியும்போது பி1 என்று இலக்கு வையுங்கள். பி2, சி1 எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழை விடக் கூடாது என்று நான் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்பத்தில் உங்கள் மகளைப் படுத்தப்போவது பால் வேறுபாடு. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லை. காரணம் தேடக் கூடாது. 'டெர் டிஷ்', 'டீ லாம்பெ', 'டாஸ் பூஃக்' என்று முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ஆனால் மேலே போகப் போக நிலைமை மாறும். 'நேற்று கொண்டுவந்து கொடுத்த இயந்திரம்' என்பதை ஜெர்மன் பாடநூல்களும் நாளிதழ்களும் 'டீ கெஸ்டர்ன் கெலீஃபர்ட்டெ மஷீனெ' என்று எழுதும். நேற்று, கொடுத்த, இயந்திரம் என்று நம் பெயரெச்சத்தின் அதே வரிசை. ஆங்கிலம் வழியாக யோசிக்கிற மாணவர்கள் பி2வில் திணறுகிற இடம் இது. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் நமக்குப் பழகியதே. நல்ல தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் வேகமாக முன்னேறுவதை வகுப்பில் பார்க்கிறேன். பி2 தாண்டியதும் காஃப்காவின் நாவலையும், அதை ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த 'விசாரணை'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சேர்க்கை விஷயம் சுருக்கமாக: நம் பிளஸ் டூ மட்டும் பெரும்பாலும் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி, இங்கே பட்டப்படிப்பில் ஓராண்டு, அல்லது அங்கே ஸ்டூடியன்கொல்லெக் என்கிற ஆயத்தப் படிப்பு என ஏதாவது ஒன்று வேண்டும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் 2022 முதல் கட்டாயம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்கான பணமாக முடக்குக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 11,904 யூரோ ஆனது. இளநிலைப் பொறியியல் அங்கே பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும், அதற்கு வழக்கமாக சி1 அளவு தேவை. பி1ஓடு பெட்டி கட்டிவிடாதீர்கள்.

காரைக்குடியில் ஆசிரியர் கிடைக்காவிட்டால் ஆன்லைன் வகுப்பு போதும். தேர்வுக்கு மட்டும் சென்னைக்கோ கோவைக்கோ போய் வரலாம். பணம் கட்டும் முன், ஆசிரியர் எந்த நிலை வரை தேர்ச்சி பெற்றவர் என்று கேட்டுச் சான்றிதழையும் பாருங்கள். மூன்று மாதத்தில் பி2 முடித்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.