கிரிப்டோ நாணயமும் பணச் சலவைத் தடையும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கூலிப் பட்டியலைச் சரிபார்த்துக் கொண்டிருந்த வேளையில், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் வந்து எதிரே நின்றார். அவருக்குச் சேரவேண்டிய கூலி வங்கிக் கணக்கில் வரவாகியிருந்தது; ஆனால் எடுக்க இயலவில்லை. மூன்று வாரம் நடந்தும் "மேலிடத்து உத்தரவு" என்ற சொல்லுக்கு மேல் அவருக்கு விடை கிடைக்கவில்லை.

விசாரித்தோம். அவருடைய மகன் கைபேசியின் வாயிலாகக் கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் வழக்கமுடையவன். 'டெதர்' என்னும் நாணயத்தை, செய்திக் குழு ஒன்றில் அறிமுகமான, முகமறியாத ஒருவனுக்கு விற்றிருக்கிறான். அதன் விலையாகிய பதினெட்டாயிரம் ரூபாய் தந்தையின் கணக்குக்கு வந்தது. அந்தப் பணமோ, வேறொரு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பறித்த தொகையின் ஒரு கூறு. பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்தார். பணம் சென்ற தடத்தைப் போலீசார் தொடர்ந்தனர். தடம் தறிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றது.

பையன் நம்மிடம் கேட்ட கேள்வி இது: "நான் விற்ற பொருளுக்கு விலை வாங்கினேன். இதில் என் குற்றம் என்ன?" நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல வேண்டுமாயின், கிரிப்டோ நாணயத்தைப் பற்றி அண்மையில் கடுமையாக்கப்பட்ட விதிகளைச் சற்று அறிந்துகொள்வது அவசியம்.

பணச் சலவை என்பது யாது? சங்கக் கிடங்கிலிருந்து ஒருவன் நூல் கட்டுகளைத் திருடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கட்டாகவே விற்றால் சங்கத்தின் சீட்டு அவனைக் காட்டிக் கொடுக்கும். ஆகையால் சீட்டைக் கிழித்து, சாயமேற்றி, வேறு நூலோடு கலந்து பாவோட்டி, புடவையாக நெய்து சந்தையில் விற்றுவிடுகிறான். அந்தப் புடவையைக் கண்டு, இது திருட்டு நூல் என்று எவராலும் சொல்ல முடியாது. இவ்வாறே குற்றத்தால் வந்த பணத்தைப் பல கணக்குகளில் புகுத்தி, பல கை மாற்றி, நேர்மையான பணம்போல் வெளிக்கொணர்வதைத்தான் பணச் சலவை என்கின்றனர். கிரிப்டோ நாணயம் இதற்கு வசதியான சாயத்தொட்டியாக அமைந்தது. சில நிமிடங்களில் தேசங்களைக் கடந்துவிடும். வங்கியின் நடை வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டில் தோன்றிய பிட்காயினின் பேரேடு உலகறியத் திறந்தே கிடக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்பேரேட்டில் இருப்பவை எண்களும் எழுத்துகளும் கலந்த முகவரிகளே. ஆட்களின் பெயர்கள் அல்ல.

அந்த எண்ணுக்கு உரிய பெயரைக் கேட்டு வைப்பதே புதிய விதிகளின் சாரம். பாரிஸ் நகரில் இயங்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2018, 2019ஆம் ஆண்டுகளில் தன் பரிந்துரைகளை இத்துறைக்கும் விரிவாக்கியது. நம் நாட்டில் மத்திய நிதி அமைச்சகம் 2023 மார்ச் 7ஆம் தேதியிட்ட அறிவிக்கை மூலம், 'எக்ஸ்சேஞ்ச்' எனப்படும் கிரிப்டோ பரிவர்த்தனை நிலையங்களை 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அதாவது, நம் கூட்டுறவு வங்கிகள் நெடுங்காலமாகச் சுமந்துவரும் அதே பொறுப்புகள் அந்நிலையங்களின் தோளிலும் ஏறின. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். நடவடிக்கைப் பதிவுகளை ஐந்தாண்டுகள் காத்து வைக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமான வரவு செலவுகளை டில்லியிலுள்ள நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதனால் ஆயிரம் இரண்டாயிரம் போட்டு வாங்கும் சாமானிய மனிதனுக்கு நேர்வது என்ன? முதலாவது, கே.ஒய்.சி. பான் அட்டை, ஆதார், முகப்படம், தன் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு ஆகியவை இன்றி வாயில் திறவாது. பெயரில் ஓரெழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பும். பங்குப் பதிவேட்டில் 'சு. முருகேசன்', வங்கியில் 'முருகேசன் எஸ்.' என்றிருந்து ஈவுத்தொகைக்கு அலைந்த அங்கத்தினர்களுக்கு இத்துன்பத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, நாணயத்தை வேறிடத்துக்கு அனுப்பும்போது கேட்கப்படும் கேள்விகள். பெறுபவர் யார், எந்த நிலையத்தில் அவர் கணக்கு, உமது சொந்த வாலட்டுக்கே அனுப்புவதாயின் அது உம்முடையதுதானா என்று கேட்பார்கள். அனுப்புபவர், பெறுபவர் இருவரின் விவரமும் நாணயத்துடன் கூடவே பயணம் செய்ய வேண்டும் என்பதால் இதற்குப் 'பயண விதி' என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 30 முதல், நிலையங்களின் வழியே செல்லும் தொகை எவ்வளவு சிறிதாயினும் இவ்விதி செல்லும்.

மூன்றாவதாக ஒன்றுண்டு, மிகுந்த மனக்கசப்பைத் தருவது இதுவே. சில வேளைகளில் பணம் எடுப்பது காரணமின்றித் தாமதப்படும். கேட்டால் ஊழியர் மழுப்புவார். அவர் திமிரால் மழுப்புகிறார் என்று எண்ணிவிடலாகாது. ஒருவரைப் பற்றிச் சந்தேக அறிக்கை அனுப்பியிருந்தால் அதை அவருக்கே வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. திருடனுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கலாகாது என்பது நோக்கம். ஆனால் நல்லவனும் அதே இருட்டில்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

இந்தத் தொல்லைகளைக் கண்டு பலர் வெளிநாட்டு நிலையங்களை நாடினர். 2023 டிசம்பர் 28இல், பைனான்ஸ், குகாயின் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டு நிலையங்களுக்கு நிதி நுண்ணறிவுப் பிரிவு காரணம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. அடுத்த மாதமே அவற்றின் செயலிகளும் தளங்களும் இந்தியாவில் முடக்கப்பட்டன. பின்னர்ச் சில நிலையங்கள் பதிவு செய்துகொண்டு திரும்பின. பைனான்ஸ் மீது 2024 ஜூன் மாதத்தில் 18 கோடியே 82 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இடையில் தம் நாணயத்தை எவ்வாறு எடுப்பது என்று தவித்தவர்கள் எவ்விதக் குற்றமும் செய்யாத சிறு முதலீட்டாளர்களே.

வேறு சிலர் நிலையங்களையே விட்டு, ஆளுக்கு ஆள் விற்கத் தொடங்கினர். நம் தறிக்காரர் மகன் இவ்வகையைச் சேர்ந்தவன். பதிவு பெற்ற நிலையத்தில் அவன் விற்றிருப்பானாயின், பணம் நிலையத்தின் வழியே அவனுடைய கணக்குக்கே வந்திருக்கும். தந்தையின் கணக்கை நிலையம் ஏற்றிருக்காது. வாங்கியவன் யார் என்பதும் பதிவில் இருந்திருக்கும். அவன் சென்ற வழியிலோ கேட்பார் இல்லை. எனவே பின்னால் சாட்சி சொல்வாரும் இல்லை. சந்தை விலைக்குமேல் இரண்டு ரூபாய் கூட்டித் தருவதாக ஒருவன் சொல்வானேயாகில், அந்த இரண்டு ரூபாய் எதற்கு என்று யோசிக்கவேண்டாமா? கணக்கையே மாதவாடகைக்கு விடச்சொல்லி இளைஞர்களை அணுகுவோரும் உளர். அது அசட்டுத்தனம் என்ற எல்லையைத் தாண்டி, குற்றத்துக்கு உடந்தை என்னும் நிலைக்குப் போய்விடும்.

நிற்க. பதிவு பெற்ற நிலையம் என்றவுடன் போட்ட முதலுக்கு அரசாங்கமே ஜாமீன் என்று கொள்வது பெரும் பிழை. பதிவு என்பது ஆளை அறிவதற்கே, முதலைக் காப்பதற்கன்று. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. அதுவும் பதிவு பெற்ற நிலையமே. வாடிக்கையாளர்கள் தங்கள் நாணயத்தைத் தொட ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். வங்கி வைப்புத்தொகைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. ஆதாயத்துக்கு 2022 முதல் முப்பது சதவீத வரியும் உண்டு. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் இயலாது. (ஒரு சங்கத்து டைரக்டர் சங்கத்தின் சேமநிதியில் கொஞ்சம் இதில் போடலாமா என்று நம்மைக் கேட்டார். கூடாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.)

இனி, கணக்கு முடக்கப்பட்டால் செய்யவேண்டியது. வங்கியில் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பலாகாது. எந்த மாநிலத்து எந்தப் போலீஸ் நிலையம், புகார் எண் யாது, ஐயத்துக்குரிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் மனுவாக எழுதிக் கேட்க வேண்டும். பின் அந்த நிலையத்து அதிகாரிக்கு, பணம் வந்த காரணத்தையும் அதற்குரிய சான்றுகளையும் இணைத்துப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். பணத்தைப் பறிகொடுத்தவராயின் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். முதற் சில மணி நேரமே பயனுள்ள நேரம்.

பதினெட்டாயிரத்துக்காக ஒரு குடும்பத்தின் கணக்கு முழுவதையும் பூட்டுவது முறையாகுமா? முறையன்று என்பதே நமது கருத்து. 2023இல் கேரள உயர்நீதிமன்றமும் 2024இல் சென்னை உயர்நீதிமன்றமும், ஐயத்துக்குரிய தொகையோடு முடக்கம் நிற்கவேண்டும் என்ற போக்கிலேயே தீர்ப்பளித்துள்ளன. ஆனால் தீர்ப்பு வங்கிக் கிளையின் மேசைக்கு வந்துசேர நாளாகிறது. வழக்குத் தொடுக்க வசதியுள்ளவனுக்கு முன்னதாகவும், தறியில் இருப்பவனுக்குப் பின்னதாகவும் அது வந்துசேர்வதை நாம் கண்டிருக்கிறோம். பெயர் கேட்பதை நாம் குறை கூறவில்லை. நம் சங்கங்களே பெயரும் கையொப்பமும் கொண்டு நடப்பவை. கேட்ட பிறகும், குற்றமற்றவன் என்று தெரிந்த பிறகும், விடுவிக்கக் காலக்கெடு இல்லாமையே குறை.

அந்த அங்கத்தினருக்குச் சங்கக் காரியதரிசியின் உதவியுடன் மனு எழுதிக் கொடுத்தோம். கூலிப் பட்டியலின் நகல், சங்கம் பணம் செலுத்திய தேதிகள், மகனின் கைபேசியில் இருந்த உரையாடல்கள் யாவும் இணைக்கப்பட்டன. ஏழு வாரம் கழித்துக் கணக்கு திறக்கப்பட்டது. பதினெட்டாயிரம் மட்டும் வழக்கு முடியும்வரை பிடித்தத்தில் இருக்கிறது. இடைக்காலத்தில் தீபாவளிக்கு நெய்த புடவைகளின் கூலியை நிர்வாகக் குழுவின் தீர்மானப்படி வேறொரு வங்கியில் அவருடைய மனைவியின் பெயரிலிருந்த கணக்கில் செலுத்தினார்கள். புதிய கணக்குத் தொடங்க மகன் வங்கிக்குச் சென்றபோது, அவனிடம் கேட்டது பான் அட்டையும் ஆதாரும் முகப்படமும்தான்.