பறக்கும் விமானமும் மூன்று பைசாவும்

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். நிகழ்தகவுப் பாடம் நடத்தியபோது பெரிய வகுப்புப் பையன்கள் இருவர், "சார், செல்போனில் விமானம் பறக்கிற பந்தய ஆட்டத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா?" என்று கேட்டார்கள். பிறகு பெற்றோர் சிலரும் அதையே விசாரித்தார்கள். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி, மிச்சத்தை ஊருக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்முடையவை. ஆகவே அந்த ஆட்டத்தின் வசதிகள் ஒவ்வொன்றையும் எடுத்து, கணக்கின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

ஆட்டம் என்ன?

இவ்வகை ஆட்டங்களை 'க்ராஷ்' என்பார்கள். 2014-இல் பிட்காயின் வைத்து ஆடுவோரிடையே இது பரவத் தொடங்கியது. ஸ்ப்ரைப் என்ற நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஏவியேட்டர்' தான் நம் நாட்டில் இதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

திரையில் ஒரு விமானம் கிளம்பும். அதனுடன் ஒரு பெருக்கெண் 1.00-இல் தொடங்கி 1.20, 1.50, 2.00 என்று ஏறிக்கொண்டே போகும். 2.00-இல் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால், வைத்த 100 ரூபாய்க்கு 200 ரூபாய் கிடைக்கும். அழுத்துவதற்கு முன் விமானம் பறந்து மறைந்துவிட்டால் 100 ரூபாயும் போய்விடும். சில சுற்றுகளில் 1.00-இலேயே மறைந்துவிடும். ஒரு சுற்று முடிய அரை நிமிடம் கூட ஆகாமல் போகலாம்.

அடிப்படைக் கணக்கு

ஏவியேட்டர் ஆட்டத்தில் வைக்கும் பணத்தில் 97 விழுக்காடு ஆடுபவர்களுக்குத் திரும்புகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். அதாவது, ஒரு ரூபாய்க்குச் சராசரியாக 97 பைசா திரும்பும். 3 பைசா ஆட்டம் நடத்துபவருக்கு.

இதிலிருந்து ஓர் எளிய விதி பிறக்கிறது. விமானம் ஒரு குறிப்பிட்ட பெருக்கெண்ணைத் தொடும் வாய்ப்பைக் காண, 97-ஐ அந்தப் பெருக்கெண்ணால் வகுத்தால் போதும். 2-ஐத் தொட 100-க்கு 48.5 வாய்ப்பு. 10-ஐத் தொட 9.7. 100-ஐத் தொட 0.97.

இனி 10 ரூபாய் வீதம் 1,000 சுற்று ஆடுவதாக வைத்துக்கொள்வோம். போட்ட பணம் 10,000 ரூபாய்.

1.10-இல் எடுப்பவர் சுமார் 882 முறை வெல்வார். முறைக்கு 11 ரூபாய். மொத்தம் சுமார் 9,700.
2-இல் எடுப்பவர் 485 முறை வெல்வார், முறைக்கு 20 ரூபாய், மொத்தம் 9,700.
10-இல் எடுப்பவர் 97 முறை வெல்வார், முறைக்கு 100 ரூபாய், மொத்தம் 9,700.

எங்கே எடுத்தாலும் விடை ஒன்றே. பயந்து எடுப்பவரும் துணிந்து காத்திருப்பவரும் சராசரியாக அதே 300 ரூபாயைத்தான் இழக்கிறார்கள். பிள்ளைகள் இந்த மூன்று வரிகளையும் கையால் போட்டுப் பார்க்கட்டும்.

வசதிகள் ஒவ்வொன்றாக

தானாகப் பணம் எடுத்தல்: 1.50 என்று குறித்து வைத்தால் அங்கே தானாகவே பணத்தை எடுத்துக்கொள்ளும். கை தாமதிப்பதும் ஆசை மிஞ்சுவதும் இதனால் தடுக்கப்படும். ஆனால் மேலே கண்ட கணக்கு மாறாது.

இரட்டைப் பந்தயம்: ஒரே சுற்றில் இரண்டு பந்தயம் வைக்கலாம். 200 ரூபாய்ப் பந்தயத்தை 1.50-இல் எடுத்தால் 300 கிடைக்கும். அது மொத்த முதலையும் மீட்டுவிடும். இரண்டாவதாக வைத்த 100 ரூபாய் இலவசமாகப் பறக்கும் என்று இதை 'பாதுகாப்பான வழி' என்கிறார்கள். விமானம் 1.50-ஐத் தொடும் வாய்ப்பு 100-க்கு சுமார் 65. மீதி 35 முறை 300 ரூபாயும் ஒன்றாகப் போகும். சராசரி இழப்பு 300-க்கு 3 விழுக்காடு, அதாவது சுற்றுக்கு 9 ரூபாய். 100 ரூபாய் மட்டும் வைத்தவருக்கு 3 ரூபாய்தான்.

பழைய சுற்றுகளின் பட்டியல்: திரையின் மேலே முந்தைய முடிவுகள் வரிசையாகத் தெரியும். "ஐந்து முறை தாழ்வாகப் போய்விட்டது, இனி உயரும்" என்று நினைக்கத் தூண்டுவது இதுதான். ஒவ்வொரு சுற்றும் தனி. ஐந்து பெண் குழந்தைகளுக்குப் பின் ஆறாவது ஆணாகத்தான் பிறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது போல, விமானத்துக்கும் கட்டாயம் இல்லை.

நேர்மைச் சோதனை: சுற்று தொடங்கும் முன்பே முடிவுக்கான எண்ணின் ஒரு பகுதியைச் சங்கேதமாக்கி வெளியிடுகிறார்கள். ஆடுபவர்கள் சிலரின் எண்களும் அதில் சேர்கின்றன. பிறகு யாரும் சரிபார்க்கலாம். அரக்கு முத்திரையிட்ட உறையைப் போன்றது இது. பந்தயம் வைத்தபின் முடிவை மாற்றவில்லை என்பதை மட்டும் இது காட்டும். அந்த 3 பைசா உறைக்குள்ளேயே இருக்கிறது. அதே பெயரில் உலவும் போலித் தளங்களில் இந்த 97 விழுக்காட்டுக்குக் கூட உத்தரவாதம் இல்லை.

முன்கூட்டிச் சொல்லும் செயலிகள்: டெலிகிராமில் "அடுத்த சுற்று எங்கே முடியும் என்று சொல்கிறோம்" என்று விற்பவர்கள் உண்டு. அது தெரிந்தவர் அதை ஐந்நூறு ரூபாய்க்கு விற்க மாட்டார். இது நேரடி மோசடி.

இரட்டிப்பு முறை

வகுப்பில் அதிகம் கேட்கப்பட்டது இதைப் பற்றித்தான். 10 ரூபாய் வைத்து 2-இல் எடுக்க முயல்வது. தோற்றால் 20, பிறகு 40, 80 என்று இரட்டிப்பது. ஒருமுறை வென்றால் போனதெல்லாம் வந்து 10 ரூபாய் லாபமும் நிற்கும்.

பத்து முறை தொடர்ந்து தோற்றால் போட்ட பணம் 10,230 ரூபாய். அதற்கான வாய்ப்பு சுமார் 762-இல் ஒன்று. அரிதுதானே என்று தோன்றும். மீதி 761 தடவையும் 10 ரூபாய் வீதம் வென்றால் 7,610 ரூபாய். ஒரே தோல்வி 10,230. கழித்தால் 2,620 ரூபாய் நஷ்டம். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால், சராசரியாகப் பதின்மூன்று மணி நேர ஆட்டத்தில் ஒருமுறை அந்தத் தோல்வி வந்து சேரும். அதுவரை ஆடுபவர் தன்னிடம் ஒரு வித்தை இருப்பதாகவே நம்பியிருப்பார்.

வென்றவரைக் கண்ணால் பார்த்தோமே?

பார்த்திருப்பீர்கள். 2-இல் எடுக்கும் முறையில் 100 சுற்று ஆடியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் லாபத்தோடு எழுந்திருப்பார். அலுவலக நண்பரோ அறைத் தோழரோ சொல்லும் வெற்றிக் கதை பெரும்பாலும் உண்மையே. 1,000 சுற்றில் ஆறில் ஒருவர்தான் லாபத்தில் இருப்பார். 10,000 சுற்றில் ஆயிரத்தில் ஒருவர் தேறினாலே அதிகம். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் 10,000 சுற்று என்பது ஒன்றரை மாதம்.

லாட்டரிச் சீட்டுக்குக் குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டும். இங்கே காத்திருப்பு இல்லை. 100 ரூபாய் வீதம் மணிக்கு 120 சுற்று என்றால் 12,000 ரூபாய் பந்தயத்தில் புரள்கிறது. சராசரி இழப்பு மணிக்கு 360 ரூபாய். மூன்று பைசா சிறிதாகத் தெரிவது, அதை எத்தனை முறை கொடுக்கிறோம் என்று எண்ணாததால். அத்தனை வசதிகளுள் உங்கள் இழப்பை உண்மையில் குறைப்பவை இரண்டுதான்: குறைவாக வைப்பது, அல்லது வைக்காமலே இருப்பது.

சட்டமும் உதவியும்

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதற்கும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று அது வகுத்துள்ளது. ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கும் தண்டனை உண்டு. வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளத்தில் வென்ற பணம் வராமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே வீட்டில் ஒருவர் சிக்கியிருந்தால் திட்டித் தீர்ப்பதால் பயனில்லை. கடன் எவ்வளவு என்பதை அச்சமின்றிச் சொல்ல முதலில் இடம் கொடுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். இணைய மோசடியில் பணம் இழந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

வீட்டுப் பயிற்சி

33 துண்டுச் சீட்டு வெட்டி, 16-இல் 'வெற்றி' என்றும் 17-இல் 'தோல்வி' என்றும் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். அம்மா ஆட்டம் நடத்துபவர். பிள்ளைகள் ஆளுக்கு 50 தீக்குச்சியுடன் தொடங்கி, ஒரு குச்சி வைத்து ஒரு சீட்டு எடுக்கட்டும். வென்றால் இரண்டு குச்சி; தோற்றால் வைத்தது போச்சு. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இது 2-இல் பணம் எடுக்கும் ஆட்டத்துக்கு ஏறத்தாழச் சமம்.

முதல் மாலையில் ஒரு பிள்ளை ஜெயிக்கும், மகிழட்டும். தினமும் எல்லோர் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் மொத்தம் கூட்டச் சொல்லுங்கள். குச்சிகள் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்வார்கள். விடைகளை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வரட்டும்.