ஸ்பீச் படிக்கப் போகிற தங்கச்சிக்கு

பி.ஏ.எஸ்.எல்.பி. சேரப்போகிறேன் என்று சொல்லிப் பாரு மக்கா, நாகர்கோவில் வடசேரியில் பாதிப் பேர் "பி.ஏ.யா? என்ன மேஜர்?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் "திக்குவாய் வைத்தியமா?" என்பார்கள். கோபப்படாதே. காது சோதனை, பேச்சு, மொழி, குரல், விழுங்குவது வரைக்கும் ஒரே பட்டத்துக்குள் வருகிற படிப்பு இது. மூன்று வருடம் வகுப்பும் கிளினிக்குமாகப் போகும், நாலாம் வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். "இது ஹானர்ஸா" என்று கேட்டிருந்தாய். இங்கே பட்டத்தின் பெயரைவிட அங்கீகாரம்தான் முக்கியம்.

அதனால் ஃபீஸ் கட்டுமுன் ஆர்.சி.ஐ. பட்டியலைத் திறந்து பார். இந்திய மறுவாழ்வு கவுன்சில்தான் ஆர்.சி.ஐ. கல்லூரி பெயர் இருந்தால் மட்டும் போதாது, பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு நீ சேரும் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கவேண்டும். வாசலில் எவ்வளவு பெரிய போர்டு வைத்திருந்தாலும், இது இல்லை என்றால் திரும்பி வந்துவிடு.

எங்கே சேரலாம்? தமிழ்நாட்டு பாராமெடிக்கல் கவுன்சலிங்கில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கிடைக்கும், நீட் வேண்டாம். சென்னையில் போரூர் ராமச்சந்திரா, மெர்ஃப், முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம், வேலூரில் சி.எம்.சி. என்று இடங்கள் உண்டு, எல்லாம் இந்தக் கவுன்சலிங்கில் வராது. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. கிட்டத்தில் என்றால் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் நிஷ், 1997-ல் தொடங்கியது. நமக்கு ரயிலேறினால் போய்விடலாம் என்றாலும் சேர்க்கை கேரளத்து விதிப்படிதான். யாருக்கு எவ்வளவு இடம் என்பதை ப்ராஸ்பெக்டஸில் படிக்காமல் ஆசை வளர்க்காதே.

முதல் செமஸ்டரில் அனாட்டமியும் போனட்டிக்ஸும் சேர்ந்து வந்து வெப்ராளத்தைக் கொடுக்கும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு அனாட்டமி இன்னும் பாரம். ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள், பக்கத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி போடு. முகம், நாக்கு, தொண்டைக்குப் போகிற நரம்புகளைக் கண்ணாடி முன்னால் நின்று படி. உதட்டைக் குவித்தால் ஏழாவது, நாக்கை நீட்டினால் பன்னிரண்டாவது. வைவாவில் இதுதான் கைகொடுக்கும்.

போனட்டிக்ஸ் விஷயத்தில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பத்து, பற்று, பட்டு என்று மூன்றையும் சொல்லிப் பார். முதலில் நாக்கு பல்லில் தொடும், கடைசியில் மடங்கி மேலே போகும். நடுவில் உள்ளதைப் பேச்சில் பல ஊரிலும் 'பத்து' ஆக்கிவிடுவார்கள், இல்லையென்றால் 'பற்ற்ரு' என்று வாசிப்பார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஆச்சிகள் 'காற்று', 'வெற்றிலை' என்று சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கு மேலே ஈறில் ஒட்டி விடுபடுவதைக் கவனி. ஐ.பி.ஏ. என்கிற சர்வதேச ஒலிப்பு எழுத்தில் அதைத் தனியாகக் குறிக்க வழி உண்டு. வெளியூர் தெரபிஸ்ட் ஒருவர் இங்கே வந்து, அப்படிப் பேசுகிற குழந்தைக்கு உச்சரிப்புப் பிழை என்று மார்க் போட்டால் தப்பு குழந்தையுடையது இல்லை. வட்டாரப் பேச்சு வேறு, குறைபாடு வேறு. இதை மட்டும் பரீட்சைக்குப் பிறகும் மறக்காதே.

ஆடியோகிராம் பார்த்துப் பயப்படாதே. வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. படுக்கைவாட்டில் ஒலியின் கனமும் கீச்சும், செங்குத்தில் சத்தத்தின் அளவு. கோடு வலதுபக்கம் சரிந்து இறங்கியிருந்தால், அந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்துப் பார். "சத்தம் கேக்குது மக்கா, சொல்லுகதுதான் விளங்கல்ல" என்பார். உயிரெழுத்து எல்லாம் காதில் விழும், ஸ், ஷ் போன்ற மெல்லிய கீச்சு ஒலிகள் விழாது. தாளில் உள்ள கோட்டை இப்படி ஒரு மனுஷனோடு சேர்த்துப் படித்தால் மறக்கவே மறக்காது.

கிளினிக்குக்கு வருவோம். படிப்பே அங்கேதான். நிறுவனம் தருகிற படக் கார்டுகளில் ஸ்ட்ராபெரியும் பனிமனிதனும் இருக்கும். குளச்சலிலிருந்து வருகிற குழந்தைக்கு அதைக் காட்டி என்ன பிரயோஜனம்? சாளை, வள்ளம், பலாச்சுளை, அயினிச்சக்கை, ஆப்பம் என்று நீயே போட்டோ எடுத்துக் கார்டு பண்ணு. சோப்புக் குமிழி பாட்டில், கைக்கண்ணாடி, சின்ன டார்ச் மூன்றும் பையில் எப்போதும் இருக்கட்டும். செஷன் முடியும்போது அம்மாவை உள்ளே கூப்பிட்டு அவர்கள் கையால் ஒருமுறை செய்யச் சொல். நீ வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பார்க்கிற பிள்ளையோடு மீதி நேரமெல்லாம் இருப்பது அவர்கள்தான். "எப்பப் பேசுவான்?" என்று கேட்பார்கள். தேதி சொல்லாதே, அடுத்த மாதம் எதை எதிர்பார்க்கலாம் என்று மட்டும் சொல்.

திக்கிப் பேசுகிறவரிடம் "பைய பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்லவே கூடாது. ஊரே அவருக்கு அதைத்தான் சொல்லியிருக்கும். முகத்தைப் பார்த்து, அவர் முடிக்கும்வரை காத்திரு. வாக்கியத்தை நீ முடித்துவைக்காதே.

பக்கவாதத்தில் பேச்சுப் போன பெரியவர்கள் வந்தால் பரிசோதனையைத் தொடங்குமுன், வீட்டில் எந்தப் பாஷை என்று கேள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். மேற்கே மலையாளம் வாயில் புரள்கிறவர்கள் நிறைய. தமிழில் மட்டும் சோதித்துவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்று எழுதினால் அது அரைகுறை ரிப்போர்ட். 1861-ல் பிராக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஒரு அசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் வாயில் வரவில்லை, ஆனால் சொல்வது புரிந்தது. வார்டில் நிற்கும்போது அவரை நினைத்துக்கொள். பேசாதவருக்குப் புரியாது என்று நினைத்து, அவர் தலைமாட்டிலேயே நின்று சொந்தக்காரர்களிடம் கதைக்காதே.

லாக் புக்கை அன்றன்றைக்கே எழுதி கையெழுத்து வாங்கு, செமஸ்டர் கடைசியில் மேடத்தின் பின்னால் ஓடுவது கொடுமை. குழந்தையின் வீடியோவைப் பெற்றோர் சம்மதத்தோடு படிப்புக்காக எடுக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் அக்காவிடம் பேசாதே.

வேலை உண்டா என்று அப்பா கேட்பார். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், ஈ.என்.டி. ஆஸ்பத்திரிகள், சிறப்புப் பள்ளிகள், காது மெஷின் கம்பெனிகள் என்று உண்டு. முதலமைச்சர் காப்பீட்டில் ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகளுக்கு, ஆபரேஷன் ஆனதும் நீண்ட பயிற்சி வேண்டும், அதற்கும் ஆள் தேவை. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடு.

கடைசியாக ஒன்று. பட்டம் கைக்கு வந்தாலும் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் உன் பெயரும் எண்ணும் ஏறாமல் தனியாக ஒரு நோயாளியைக் கூடப் பார்க்காதே. ஆர்.சி.ஐ.யின் 1992 சட்டத்தில், பதிவில்லாமல் பார்ப்பதற்கு ஓராண்டு வரை சிறை, இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். இன்டர்ன்ஷிப் முடிந்த வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடு.