வாயுவை உணரும் வெள்ளீயம்



சமையலறைச் சுவரில் மாட்டிய சிறு பெட்டி, காஸ் கசிந்தால் எப்படி அறிந்து அலறுகிறது என்று கேட்டிருந்தாய். அது காஸை முகர்ந்தறிவதாகப் பலரும் நினைக்கிறார்கள்; உண்மையில் அது கவனிப்பதோ, தன் மேனியில் படிந்திருக்கும் பிராணவாயு குறைகிறதா என்பதைத்தான்.

அதனுள் இருப்பது பெரும்பாலும் வெள்ளீய ஆக்ஸைடு என்னும் வெண்ணிறப் பொடி. செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடாமலும், பீங்கானைப் போல அடியோடு தடுக்காமலும் நிற்கும் குறைகடத்தி அது. அதன் படிகத்தில் ஆங்காங்கே ஆக்ஸிஜன் அணுக்கள் இல்லாத வெற்றிடங்கள் இருப்பதனால், கட்டுப்படாத எலெக்ட்ரான்கள் சில அதில் உலவுகின்றன. அப்பொடியைச் சிறு மின்கம்பியால் ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் வைத்திருந்தால், காற்றின் பிராணவாயு ஒவ்வொரு துகள்மீதும் படிந்து, உள்ளிருக்கும் எலெக்ட்ரான்களைக் கவர்ந்துகொள்ள, துகளின் ஓரத்தில் எலெக்ட்ரான் வறண்ட மெல்லிய அடுக்கு ஒன்று உண்டாகி, துகளும் துகளும் தொடும் இடமெல்லாம் மின்னோட்டத்துக்குத் தடை மிகுகிறது. அந்நேரத்தில் பியூட்டேன் போன்ற எரியும் வாயு வந்து சேர்ந்தால், அது அப்பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறி அகல, எலெக்ட்ரான்கள் துகளுக்கே திரும்பி, தடை சட்டென்று விழுகிறது. அந்த வீழ்ச்சியே மணியை ஒலிக்கச் செய்கிறது. காற்று சுத்தமானதும் பிராணவாயு மறுபடி படிந்து, பழைய தடையும் மீள்கிறது. துகள் சுமார் 6 நானோமீட்டருக்கும் சிறியதானால் அவ்வறட்சி துகள் முழுவதையும் பற்றிக்கொள்வதால், உணர்ச்சி மிகக் கூர்மையடைகிறது.

டிரான்ஸிஸ்டர் செய்தவர்களுக்கு ஓயாத தொல்லையாக இருந்த இந்த மேற்பரப்பின் சபலத்தையே உபகாரமாக மாற்றியவர்கள் ஜப்பானியர். 1962-இல் ஸெய்யாமாவும் அவருடைய சகாக்களும் துத்தநாக ஆக்ஸைடுப் படலத்தில் இதை நிரூபித்தார்கள். அதே ஆண்டில் தாகுச்சி என்பவர் வெள்ளீய ஆக்ஸைடுக் கருவிக்குக் காப்புரிமை கோரினார். விஞ்ஞான சரித்திரத்தில் இதைப் போற்றத்தக்க திருப்பமாகவே நான் கருதுகிறேன்.

எனினும் இக்கருவிக்கு விவேகம் குறைவு. சாராய ஆவி, வாசனைத் திரவியம் ஆகியவற்றுக்கும் அது மயங்கும். காற்றின் ஈரமும் அதைக் கலைக்கும். பல்லேடியம் போன்ற உலோகத்தைச் சிறிதளவு சேர்த்தும், உஷ்ணத்தை மாற்றியும் இக்குறையை ஓரளவே தணிக்க முடிகிறது.

சிலிண்டரில் வரும் சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. ஆகையால் பெட்டி தரைக்குச் சமீபத்தில் இருக்கிறதா என்று பார். அது ஒலித்தால், விளக்கின் ஸ்விட்சைத் தொடாமல், சிலிண்டர் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடு.