பழைய டிராக்டர் வாங்குமுன் நீர் போகும் வழியை அறிக

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, பல்லைப் பிடித்துப் பார்க்காமலும் நடக்கவிட்டுப் பார்க்காமலும் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் பழைய டிராக்டரைச் செப்பனிட்டு உழலாம் என்று வாங்குவோருட் பலர், புதிய வண்ணப்பூச்சைக் கண்டே மனநிறைவு கொள்கின்றனர். நமது ஒன்றியத்தில் ஒருவர் அவ்வாறு வாங்கிய வண்டி, முதல் நாள் உழவிலேயே கொதித்து நின்றதை நாம் நேரில் கண்டோம். எஞ்சினைப் பிரித்தபோது சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு இருந்தது. நகையை அடகு வைத்துப் பெற்ற பணம் அதில் முடங்கிற்று.

ரேடியேட்டர் நீர் குறைவதற்கு வழிகள் மூன்று. அது வெளியே ஒழுகலாம். எஞ்சின் எண்ணெயிற் கலக்கலாம். சிலிண்டருக்குள் புகுந்து புகையோடு வெளியேறலாம். எவ்வழி என்றறிந்த பின்னரே விலை பேசுதல் வேண்டும்.

ஆறிய எஞ்சினில் காண்பவை

வண்டியை முன்னதாக ஓட்டி வைக்க வேண்டாமென விற்பவரிடம் சொல்லிவிட்டுக் காலையிற் செல்க. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் முகத்திற் பீறிடும். ஆறியபின் திறந்து பார்க்கையில் எண்ணெய்ப் படலமோ, ஓட்டையை அடைக்கப் போட்ட மஞ்சள் தூளோ தென்பட்டால் எச்சரிக்கை கொள்க. ரப்பர்க் குழாய்கள், ரேடியேட்டரின் அடிப்பகுதி, தண்ணீர் பம்பின் கீழுள்ள சிறு துளை ஆகியவற்றில் நீர் வழிந்த துருக்கறை உளதா என நோக்குக.

பின்னர் எண்ணெய் அளவுக் கம்பியை உருவுக. பால் கலந்த தேநீர் போன்ற நிறம் நீர் கலந்ததற்கு அடையாளம். நிறம் மாறாதிருப்பினும், இரவு முழுதும் நின்ற வண்டியில் எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகைச் சிறிது தளர்த்திப் பார்க்கலாம். நீர் எண்ணெயினும் கனமானது. ஆதலின் அதுவே முதலிற் சொட்டும்.

ஓட்டிக் காண்பவை

மூடியைத் திறந்தபடியே, ஆறிய எஞ்சினை இயக்குக. நீரில் இடைவிடாது குமிழிகள் எழுந்தால், ஹெட் கேஸ்கட்டோ ஹெட்டோ பழுதுற்று எரிவாயு நீருக்குள் புகுகிறது எனலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில் நீர் எரிவதாக ஐயுறலாம். டீசல் சரிவர எரியாதபோதும் வெண்புகை வருமாதலால், நீர்மட்டத்தையும் கண்டே முடிவு செய்க. மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மூடியை இட்டு, அரைமணி நேரம் உழுது, நன்கு ஆறியபின் மீண்டும் பார்ப்பதே சிறந்த சோதனையாகும். அழுத்தப் பம்பு வைத்துள்ள மெக்கானிக்கைக் கொண்டு, மூடியிற் பொறித்த அளவுக்கு மேற்படாமல் அழுத்தம் ஏற்றிச் சோதித்தலும் நன்று.

விலை பேசுதல்

வெளி ஒழுக்கு பெரும்பாலும் குழாய் அல்லது பம்பு மாற்றத் தீரும். அச்செலவைக் கழித்து வாங்கலாம். உட்கசிவாயின் கேஸ்கட், ஹெட், லைனர் எனச் செலவு வளரும். எஞ்சின் பிளாக்கே வெடித்திருப்பின் விட்டுவிடுதலே நலம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் ஊரில் வண்டி வாங்குவோருக்கு இச்சோதனைகளை எடுத்துரைத்து, நம்பகமான மெக்கானிக் ஒருவரையும் உடன் அனுப்பிவைப்பார்களாக. ஒரு காலைப்பொழுதைச் செலவிடத் தயங்கி ஒரு போகத்தின் வருவாயை இழத்தல் ஆகாது.